டி750-ஐ விட்டு நிக்கான் இசட்5 டூவுக்குப் போகலாமா? ஆறு வாரம் கையில் வைத்திருந்த பிறகு சொல்வது

பர்மாவின் மோல்மீனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, பத்து வருசமா டி750-லதான் கல்யாணம் எடுக்கிறேன். கையில 24-120 எஃப்4 ஜி, 50 எஃப்1.8 டி, 85 எஃப்1.8 டி, பழைய 70-200 விஆர் இருக்கு. புதுசா வந்த இசட்5 டூ நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. வாங்கலாமா? இருக்கிற லென்ஸ் எல்லாம் அதுல ஓடுமா? இல்ல, இன்னும் காசு சேத்து இசட்6 த்ரீக்குப் போறது நல்லதா?"

தம்பி, வாங்கலாம். ஆனால் கேள்வியின் நடுவில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, "லென்ஸ் எல்லாம் ஓடுமா" என்று, உங்கள் காசைத் தின்னப் போவது அதுதான். பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, அல்ல. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: டி750 உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை, இசட் வரிசை கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை; 24-120, 50, 85 என்பவை லென்ஸின் மிமீ எண், பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்; எஃப் எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்; விஆர் கை நடுக்கத்தை ஈடுகட்டுவது.

நான் ரங்கூனில் இருபது வருடத்துக்கு மேலாகக் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எடுத்துக்கொண்டிருக்கிறவன். டி700 வைத்திருந்தேன், அப்புறம் டி750. நடுவில் ஒரு நண்பரிடம் முதல் இசட்6-ஐ ஒரு மாதம் வாங்கி எடுத்துப் பார்த்தேன்; மண்டபத்து மூலையில் வெளிச்சம் குறைந்தால் ஃபோகஸ் கிடைக்காமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே நின்றது, மிரர்லெஸ்ஸே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஜூன் முதல் வாரம் ஊருக்கு வந்தபோது பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தான். இந்த ஆறு வாரத்தில் இரண்டு கல்யாணம், ஒரு வளைகாப்பு, ஆடி முதல் வெள்ளிக்கு அனோரதா சாலை காளியம்மன் கோயில், ஒரு நாள் முழுக்க மழையில் ரங்கூன் சுற்று ரயில் என்று ஒன்பதாயிரம் படம் போல எடுத்திருப்பேன். இது அந்த அளவுக்கான கருத்து, அவ்வளவுதான்.

கேமரா 2025 ஏப்ரல் 3-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. பழைய இசட்5 2020-இல் வந்தது. அது நல்ல படம் தரும், ஆனால் மாட்டு வண்டி வேகம், ஒரு நொடிக்கு நாலரை படம்தான். புதியது பெயரில் மட்டும்தான் அதன் தம்பி. உள்ளே இருப்பது எக்ஸ்பீடு 7 என்ற ப்ராசஸர், அதாவது இசட்8, இசட்9-இல் இருக்கிற அதே மூளை. படத்தைப் பிடிக்கிற சென்சார் 24.5 மெகாபிக்சல். அமெரிக்காவில் பாடி மட்டும் 1,700 டாலர் என்று வெளியானது. நம் ஊர் கணக்குக்கு ஒரு டாலருக்கு அரசு விலையான 2,100 கியாட்டால் பெருக்கிப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள், அந்த விலைக்கு டாலர் உங்களுக்கும் கிடைக்காது எனக்கும் கிடைக்காது. வெளியில் போகிற விலைக்குப் போட்டால் கணக்கு அதைவிட எவ்வளவோ மேலே போய்விடும்.

முதலில் ஃபோகஸ். எனக்கு மனசு மாறியது இதில்தான்.

ஜூன் கடைசியில் ஒரு கல்யாணம், விடியற்காலை முகூர்த்தம். தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரர் ஓடிப்போய்க் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்க்கிறார், ஐயர் நேரம் தவறக்கூடாது என்கிறார், மேடையில் இரண்டு குத்துவிளக்கு, பின்னால் யாரோ சித்தப்பா தூக்கிப் பிடித்த செல்போன் லைட். டி750 காலமாக இருந்தால் நடுப்புள்ளியை மாப்பிள்ளை சட்டைப் பட்டனில் வைத்து ஃபோகஸ் பிடித்து, கேமராவைத் திருப்பி, பாதி படம் அவுட் ஆகியிருக்கும். இதில் 24-120-ஐ எஃப்4-இல் வைத்து, ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு) 12800, ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு. பெண்ணின் கண்ணில் சின்ன மஞ்சள் பெட்டி உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. மூன்று முடிச்சுக்கும் சேர்த்து நாற்பது படம் எடுத்தேன், நாலுதான் போனது. படத்தில் மணல் போல நாய்ஸ் இருக்கிறதா, இருக்கிறது. ஆல்பத்தில் பத்துக்குப் பன்னிரண்டு போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

டி750-இல் 51 ஃபோகஸ் புள்ளிகள் இருந்தாலும் எல்லாம் நடுவில் கூட்டமாக நிற்கும், ஓரத்தில் நிற்கிற ஆளுக்குப் புள்ளி எட்டாது, தெரியும்தானே. இதில் பிரேமின் பெரும்பகுதியும் புள்ளிதான். அதனால் ஃபோகஸ் பிடித்துவிட்டுத் திருப்புகிற பழக்கத்தை விட்டுவிடலாம். விட எனக்கு இரண்டு வாரம் ஆனது, கை தானாகவே நடுவுக்குப் போகும்.

கம்பெனி விளம்பரத்தில் மைனஸ் 10 இவி (வெளிச்சத்தை அளக்கிற எண், குறையக் குறைய இருட்டு) வரை இருட்டில் ஃபோகஸ் பிடிக்கும் என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது எஃப்1.2 லென்ஸ் போட்டால் வருகிற கணக்கு. எஃப்4 ஜூமில் உள்ளே வருகிற வெளிச்சம் மூன்றரை ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), அந்த அளவுக்கு இந்த எண்ணும் குறையும். அப்படிக் குறைந்த பிறகும் நம் மண்டபங்களுக்குப் போதும், அதுதான் விஷயம்.

தவறும் இடங்களும் உண்டு. தடிமனான ரோஜா மாலை தாடை வரை ஏறி, மேலே பட்டம், நெற்றிச்சுட்டி, பக்கத்தில் ஓமப்புகை என்று முகம் பாதி மறைந்தால், கேமரா அந்த முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் தெளிவாகத் தெரிகிற ஐயர் முகத்துக்குத் தாவிவிடும். அதனால் முன்பக்க பட்டன் ஒன்றில் சின்ன ஒற்றைப் புள்ளி ஃபோகஸைப் போட்டு வைத்திருக்கிறேன், தாவுகிறது என்று தெரிந்தவுடன் அதை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். இன்னொன்று சிரிப்புக்கு. காளியம்மன் கோயிலில் கோபுரத்தைப் பின்னணியில் வைத்து எடுத்தால், மேலே இருக்கிற சுதைச் சிற்பங்களின் முகத்துக்கெல்லாம் பெட்டி போடுகிறது. 1871-இல் தமிழர்கள் கட்டிய கோயில், அத்தனை வண்ணம், அத்தனை முகம். கீழே நிற்கிற பக்தரை விட்டுவிட்டுத் துவாரபாலகர் கண்ணில் ஃபோகஸ் வைத்த படம் என்னிடம் ஏழெட்டு இருக்கிறது. பக்தி கொஞ்சம் அதிகம்.

இனி உங்களைப் போல ப்ளாஷ் போட்டு எடுப்பவர்கள் முதல் நாளே திணறப்போகிற ஒரு விஷயம். மண்டபத்துக்குள் எஃப்5.6, இருநூறில் ஒரு நொடி என்று ப்ளாஷுக்கு வைத்துவிட்டு வியூஃபைண்டரைப் பார்த்தால் கும்மிருட்டாக இருக்கும். ஏனென்றால் இது கண்ணாடி வழியாகப் பார்க்கிற வியூஃபைண்டர் இல்லை, நீங்கள் வைத்த செட்டிங்கில் படம் எப்படி வருமோ அதைக் காட்டுகிற குட்டி டிவி. வரப்போகிற ப்ளாஷ் வெளிச்சம் அதற்குத் தெரியாது. கேமரா ரிப்பேர் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள், நான் பயந்தேன். கஸ்டம் செட்டிங்கில் வியூ மோட் என்று ஒன்று இருக்கிறது, அதில் செட்டிங்கின் விளைவைக் காட்டாமல் பார்ப்பதற்கு வசதியாகக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள், எப்போதும் வெளிச்சமாகத் தெரியும். ப்ளாஷ் இல்லாமல் எடுக்கும்போது மறுபடியும் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், உங்கள் ப்ளாஷிலிருந்து இருட்டில் சிவப்புக் கோடு அடித்து ஃபோகஸுக்கு உதவுமே, அது இந்தக் கேமராவோடு வேலை செய்யாது. சிங்க் வேகம், அதாவது ப்ளாஷோடு ஒத்துப்போகிற உச்ச ஷட்டர் வேகம், டி750 போலவே இருநூறில் ஒன்றுதான். வெயிலில் அகலத் திறந்த லென்ஸ் போடுகிறவர்களுக்கு ஷட்டர் நொடியில் எட்டாயிரத்தில் ஒன்று வரை போகிறது, நம் டி750 நாலாயிரத்தோடு நின்றுவிடும்.

வியூஃபைண்டர் 36.9 லட்சம் புள்ளி, 3000 நிட் வரை வெளிச்சம் ஏறும். ஷ்வேடகோன் பகோடாவின் பளிங்குத் தளத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு நின்று (வெறுங்காலோடு, கால் வெந்துகொண்டிருக்கும்போது) பார்த்தேன், நன்றாகவே தெரிந்தது. பின்பக்கத் திரை வெளியே மடங்கித் திரும்பும் வகை. தலைக்கு மேலே தூக்கிக் கூட்டத்தில் எடுக்க வசதி, ஆனால் திரையை ஒரு பக்கமாகத் திறந்து வைத்திருக்கும்போது இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வருகிற கவலைகள் சில. பட்டுச் சேலையின் அரக்குச் சிவப்பு, குங்குமம், தங்கம், பர்மியத் தோழிப் பெண்கள் கன்னத்தில் பூசிய தனகா என்ற மரப்பட்டைப் பூச்சு, பக்கத்தில் நம் கறுத்த முகம், எல்லாம் ஒரே பிரேமில் நிற்கும். விவிட் என்ற பிக்சர் கண்ட்ரோலில் ஜேபெக் எடுத்தால் சிவப்புச் சேலை ஒரே பெயிண்ட் தட்டு போல ஆகிவிடுகிறது, ஜரிகைக்கு நடுவில் மடிப்பே தெரியாது. நியூட்ரலில் எடுங்கள். ரிச் டோன் போர்ட்ரெய்ட் என்று புதிதாக ஒன்று இருக்கிறது, மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் எனக்கு அது பிடித்திருக்கிறது, கன்னத்தின் பளபளப்பை வெள்ளையாக்காமல் விடுகிறது. தோலை மென்மையாக்குகிற செட்டிங்கை அணைத்துவிடுங்கள். தனகா பூசிய முகத்தில் அதைப் போட்டால் பூச்சின் கோடுகளைத் தேய்த்துவிட்டு ஏதோ தோல் நோய் வந்த மாதிரி திட்டுத் திட்டாகக் காட்டுகிறது. இது ஒரு படத்தில் பட்ட அனுபவம், பாட்டி கோபித்துக்கொண்டார். பகோடா தங்கம் பின்னணியில் இருந்தால் ஆட்டோ வெள்ளைச் சமநிலை டி750 அளவுக்கு நீலத்துக்கு ஓடுவதில்லை. ஆனாலும் ரா (RAW) என்ற, கேமரா பதப்படுத்தாத ஃபைலாக எடுப்பதுதான் நிம்மதி. ஒரே ஒரு எச்சரிக்கை, நம்மில் பலரும் வைத்திருக்கிற பழைய போட்டோஷாப், லைட்ரூம் இந்த ரா ஃபைலைத் திறக்காது. நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோ இலவசம், அதில் திறக்கும். கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

சத்தமில்லாத ஷட்டர் இருக்கிறதே, மந்திரம் ஓதும்போது போட்டால் நல்லதாயிற்றே என்று நானும் போட்டேன். வேண்டாம். இந்தச் சென்சார் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாக மெதுவாகப் படிக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பாய் விரித்தது போலக் கோடு கோடாக வரும். மேடை அலங்கார எல்இடி முன்னால் எடுத்த ஒரு வரிசைப் படம் முழுக்கக் கோடு. மெக்கானிக்கல் ஷட்டரில், நூறில் ஒன்று அல்லது ஐம்பதில் ஒன்று வைத்து எடுத்தால் பிரச்சினை இல்லை. அந்த ஷட்டரின் சத்தமே டி750-ஐ விட மெல்லிசுதான், ஐயர் திரும்பிப் பார்க்கவில்லை.

கரண்ட். இதைப் பற்றி சிங்கப்பூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் பேச மாட்டார்கள், நாம் பேசியாக வேண்டும். டி750 ஒரு பேட்டரியில் 1,230 படம் என்று கணக்கு, நிஜத்தில் ஒரு கல்யாணத்தையே முடித்துவிடும். இதற்கு அதே அளவுகோலில் 330-இலிருந்து 380 வரைதான். நிஜத்தில் நான் வேகமாக எடுக்கும்போது எழுநூறு, எண்ணூறு வருகிறது, சும்மா கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றால் கரைந்துவிடும். ஆறுதல் என்னவென்றால் டி750-இல் போடுகிற அதே இஎன்-இஎல்15 வகைப் பேட்டரிகள் இதிலும் போகும். ஆனால் யூஎஸ்பி-சி வழியாகக் கேமராவிலேயே வைத்துச் சார்ஜ் செய்வது பெயர் முடிவில் பி, சி என்று வருகிற புதியவற்றுக்கு மட்டும்தான். எழுத்தே இல்லாததும் ஏ என்று முடிவதும் பழைய சார்ஜரில்தான் ஏறும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் பவர் பேங்கிலிருந்து ராத்திரி சார்ஜ் ஏற்ற முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் புதுப் பேட்டரி வாங்குவதென்றால் சி மட்டும் வாங்குங்கள், ஒரிஜினல் வாங்குங்கள். நான் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) பாதி விலைக்கு வாங்கிய ஒன்று மூன்றாம் நாளே வயிறு வீங்கி, கேமராவுக்குள் மாட்டிக்கொண்டு, எடுக்கப் பட்ட பாடு போதும்.

மெமரி கார்டு செலவு இல்லை. இரண்டு எஸ்டி இடம், உங்கள் பழைய கார்டுகளே போதும்.

இனி லென்ஸ். உங்களிடம் இருக்கிறதிலிருந்தே தொடங்குகிறேன்.

இசட் மவுண்ட்டில் சென்சாருக்கும் லென்ஸ் மாட்டுகிற வளையத்துக்கும் இடைவெளி 16 மிமீ, பழைய எஃப் மவுண்ட்டில் 46.5 மிமீ. அந்த இடைவெளியை நிரப்புகிற குழாய்தான் எஃப்டிஇசட் டூ அடாப்டர், 125 கிராம். உங்கள் 70-200 விஆருக்குள் மோட்டார் இருக்கிறது, அதனால் இதில் மாட்டினால் ஃபோகஸ் நன்றாக ஓடும், விஆரும் ஓடும். நான் என்னுடையதை மாட்டிப் பார்த்தேன், டி750-இல் இருந்ததைவிட இதில் குறி தவறுவது குறைவு, ஏனென்றால் இங்கே ஃபோகஸ் பார்ப்பது சென்சாரேதான், முன்னால் தள்ளி விழுகிறது பின்னால் தள்ளி விழுகிறது என்று திருத்தம் போடுகிற வேலை இல்லை. அதை விற்காதீர்கள்.

50 டியும் 85 டியும்தான் சோகம். அவற்றுக்குள் மோட்டார் கிடையாது. டி750-இன் பாடிக்குள் இருக்கிற மோட்டார்தான் ஒரு திருகுக் குச்சி வழியாக அவற்றைச் சுழற்றும். அந்தக் குச்சி எஃப்டிஇசட்டில் இல்லை, இசட் பாடி எதிலும் இல்லை. வெளிச்ச அளவு எல்லாம் சரியாக வரும், ஃபோகஸ் மட்டும் கையால்தான். கேமரா ஃபோகஸ் ஆன விளிம்பை நிறம் காட்டும், பெரிதாக்கிக் காட்டும், உட்கார்ந்திருக்கிற குழந்தையை எடுக்கலாம். தாலி கட்டுவதை எடுக்க முடியாது. நம் ஊரில் பழைய டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆளுக்கு மூன்று நாலு வைத்திருக்கிறோம். மாறுகிறவர்கள் முதலில் கூட்டிப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

24-120 ஜி அடாப்டரில் ஓடும், ஆனால் வேண்டாம். அது 710 கிராம், அடாப்டரோடு 835. புதிய இசட் 24-120 எஃப்4 எஸ் 630 கிராம்தான். எடை மட்டும் இருந்தால் இவ்வளவு சொல்ல மாட்டேன். ஜி லென்ஸ் 120-இல் ஓரங்களில் எவ்வளவு குழையும் என்று உங்களுக்கே தெரியும், குடும்பக் குரூப் படத்தில் ஓரத்தில் நிற்கிற மாமா எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருப்பார். புதியதில் எஃப்4-லேயே மாமாவின் மீசை தெரிகிறது. அதோடு 35 செமீ வரை கிட்டே போகலாம், பழையது 45 செமீ. எண்ணில் சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் மோதிரம், மருதாணி, தாலிக்கொடி எடுக்கும்போது பழையதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக வருகிறது. இனி மேக்ரோ லென்ஸை மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபில்டர் அளவும் அதே 77 மிமீ, இருப்பதையே போட்டுக்கொள்ளலாம். லென்ஸுக்குள் விஆர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள், பாடிக்குள் சென்சாரே ஆடி ஈடுகட்டுகிறது. ஏழரை ஸ்டாப் என்கிறார்கள், அவ்வளவெல்லாம் என் கைக்கு வரவில்லை, ஆனால் 24-இல் கால் நொடி நின்று எடுத்த கோயில் பிரகாரம் கூர்மையாக இருக்கிறது. 2021-இல் வெளியானபோது 1,100 டாலர். கசக்கும். ஆனால் இந்த ஒரு லென்ஸுக்காகவே இசட் பக்கம் வரலாம் என்று நினைக்கிறவன் நான்.

பெட்டியோடு மலிவாகக் கொடுக்கிற 24-50-ஐ எடுக்காதீர்கள். 195 கிராம், சட்டைப் பைக்குள் போகும், பகல் வெளிச்சத்தில் படமும் கூர்மைதான். ஆனால் 50-இல் எஃப்6.3 என்றால் இருட்டில் பிடிக்கிற கேமராவை வாங்கி அதன் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. என் மருமகன் அதை விற்கச் சொல்லி என் கையில் கொடுத்தான், இன்னும் அலமாரியில் இருக்கிறது.

50 டிக்குப் பதில் என்ன? 40 எஃப்2 வாங்குங்கள். 170 கிராம், மவுண்ட் பிளாஸ்டிக், பார்த்தால் பொம்மை. வெளியானபோது 300 டாலர். எஃப்2-இல் ஓரம் கொஞ்சம் மென்மைதான், நடுவில் இருக்கிற முகத்துக்கு அது அழகாகவே விழுகிறது. சுற்று ரயிலில் முழுநாளும் இது ஒன்றுதான் மாட்டியிருந்தேன், கூடைக்காரம்மாக்கள் இதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பெரிய லென்ஸைத் தூக்கினால் திருப்பிக்கொள்வார்கள். 50 எஃப்1.4 என்று 2024-இல் புதிதாக ஒன்று விட்டிருக்கிறார்கள், 420 கிராம். வேடிக்கை என்னவென்றால் நிக்கானிடம் 50 எஃப்1.8 எஸ்ஸை விட இந்த 1.4 விலை குறைவு. எழுத்துப்பிழை இல்லை, எஸ் வரிசைக் கண்ணாடி அவ்வளவு சுத்தம், 1.4 பழைய கால லென்ஸ் போல ஒரு பளபளப்பு விடும், அகலத் திறந்தால் தங்க நகையின் விளிம்பில் ஊதாவும் பச்சையும் எட்டிப் பார்க்கும். கடையில் வைத்து ஒரு மணி நேரம் எடுத்துப் பார்த்தேன். கல்யாண நகைக்கு எனக்குச் சரிப்படவில்லை, தெருவில் எடுக்கிறவர்களுக்குப் பிடிக்கும்.

85-க்கு இசட் 85 எஃப்1.8 எஸ் இருக்கிறது, 470 கிராம், குறை சொல்ல இடமே இல்லை. காசு கட்டாயமாக இடிக்கும். வில்ட்ராக்ஸ் என்ற சீன நிறுவனத்தின் 85 எஃப்1.8 ஏறக்குறையப் பாதி விலையில் வருகிறது, கண் ஃபோகஸ் இதிலும் ஓடுகிறது. எதிர்வெயிலில் கொஞ்சம் வெளுக்கும். முதல் வருடம் அதை வைத்து ஓட்டிவிடலாம்.

மழைக்கு வருகிறேன். ஜூலை மழை ரங்கூனைவிட உங்கள் மோல்மீனில் இன்னும் கொடூரம். பாடிக்கு ரப்பர் அடைப்புகள் இருக்கின்றன, 24-120-க்கும் இருக்கிறது. ரயில் கதவோரம் நின்று எடுத்ததில் நன்றாக நனைந்தது, துடைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. 40 எஃப்2-ஐ அந்த அளவுக்கு நம்பாதீர்கள், மவுண்ட் வளையத்தில் ரப்பர் இல்லை, நான் பிளாஸ்டிக் பையைச் சுற்றித்தான் எடுத்தேன். ஆனால் நம் ஊரில் லென்ஸைக் கொல்வது மழைத் தண்ணீர் இல்லை, பூஞ்சை. மின்சாரத்தில் ஓடுகிற உலர் பெட்டி வாங்கி, கரண்ட் இல்லாமல் அது மூடிய அலமாரியாகி, என் பழைய 85-க்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்ததை ஒரு புரட்டாசியில்தான் பார்த்தேன். அதிலிருந்து அரிசி போட்டு வைக்கிற, ரப்பர் வளையம் போட்டு இறுக மூடுகிற டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்தான். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடுவேன், வீட்டுக்காரி எனக்கென்று ஒரு பழைய வாணலியைத் தனியாக ஒதுக்கிவிட்டாள். மிரர்லெஸ்ஸில் லென்ஸ் கழற்றினால் முன்னால் கண்ணாடி இல்லை, சென்சார் நேராக வெளியே தெரியும். மண்டபத்துப் புகையிலும் அட்சதை பறக்கிற நேரத்திலும் லென்ஸ் மாற்றாதீர்கள்.

வீடியோ பற்றி நீங்கள் கேட்கவில்லை. 4கே வீடியோவை நொடிக்கு 30 பிரேமில் முழு அகலத்தில் எடுக்கும், 60 வேண்டுமென்றால் ஓரங்களை ஒன்றரை மடங்கு வெட்டிக்கொள்ளும். கல்யாண வீடியோவுக்கு முதல் சொன்னதே போதும்.

இசட்6 த்ரீ. 2024 ஜூனில் 2,500 டாலருக்கு வந்தது. அதன் சென்சார் பாதி அடுக்கு வகை, வேகமாகப் படிக்கும், அதனால் நான் சொன்ன சத்தமில்லாத ஷட்டர் கோடுகள் அதில் மிகவும் குறையும். வியூஃபைண்டர் இன்னும் தெளிவு, 4கே 60 வெட்டாமல் எடுக்கும். நீங்கள் பந்து விளையாட்டோ பெரிய வீடியோ வேலையோ செய்தால் அதற்குப் போங்கள். ஆனால் நிழலைத் தூக்கிப் பார்த்தால், அதாவது கறுத்துப்போன பகுதியை வெளிச்சமாக்கினால், குறைந்த ஐஎஸ்ஓவில் இசட்5 டூ படம்தான் சுத்தம். வேகத்துக்காக அங்கே அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கல்யாணக்காரனுக்கு வெளியீட்டு விலையில் இருந்த அந்த 800 டாலர் வித்தியாசத்தை லென்ஸில் போடுவதே மேல், 24-120-இன் முக்கால் பங்கு அதில் வந்துவிடுகிறது.

ஆக உங்கள் இடத்தில் நான் என்றால், இசட்5 டூ பாடி, 24-120 இசட், எஃப்டிஇசட் டூ, ஒரு கூடுதல் சி பேட்டரி. இவ்வளவுதான் முதல் தவணை. 24-120 ஜியை விற்றுவிடுங்கள். டி750-ஐ விற்காதீர்கள், அதற்கு இப்போது நம் ஊரில் கொடுக்கிற விலை அதன் ஷட்டர் சத்தத்துக்குக்கூடக் காணாது. 85 டியை அதிலேயே மாட்டி இரண்டாவது தோளில் போட்டுக்கொள்ளுங்கள், அந்த லென்ஸுக்குத் தேவையான மோட்டார் அங்கேதான் இருக்கிறது. தை மாதக் கல்யாணங்கள் முடிந்து கையில் கொஞ்சம் நின்றால் 40 எஃப்2.

வாங்குகிறவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால், பெட்டியில் வாரண்டி அந்த நாட்டுக்கு மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், காசைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை ரங்கூன் வாருங்கள், 70-200-ஐயும் எடுத்து வாருங்கள். என் அடாப்டரில் மாட்டிக் காளியம்மன் கோயில் வாசலில் அரை மணி நேரம் எடுத்துப் பார்க்கலாம். கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தால் இன்னும் நல்லது.